பழைய ஜெனரேட்டரில் சமையல் எண்ணெய் பயோடீசல்: நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

உணவக ஜெனரேட்டரில், பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசலை 20 சதவீதம் கலந்து (பி20) நீண்ட காலமாக ஓட்டிவருகிறோம். புகை குறையுமா என்றால், குறைகிறது. கிரைண்டரும் ஃப்ரீசரும் ஒரே நேரத்தில் லோடு ஏற்றும்போது சைலன்சர் கக்கும் கரும்புகையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பயோடீசலின் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன். சிலிண்டருக்குள் காற்று போதாத இடங்களில் கரி உருவாவதை அது குறைக்கிறது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் வெளியிட்ட கணக்கில், சோயா பி20-க்குத் துகள் மாசு 10, கார்பன் மோனாக்சைடு 11, எரியாத ஹைட்ரோகார்பன் 21 சதவீதம் குறைவு. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் 2 சதவீதம் கூடியது. அதைக் குறைக்க இன்ஜெக்ஷன் டைமிங்கை, அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் பீய்ச்சும் நேரத்தை, பின்தள்ளச் சொல்வார்கள். தள்ளினால் குறைந்த புகை திரும்ப ஏறும். பி20-க்கு டைமிங்கைத் தொடாமல் விடுவதே நல்லது.

எண்ணெயை வடிகட்டி அப்படியே டேங்கில் ஊற்றலாம் என்பாரை நம்ப வேண்டாம். சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. நாசிலில் கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். மெத்தனால், காஸ்டிக் சோடா சேர்த்து, கிளிசரினைப் பிரித்து, கழுவி, உலர்த்தியதுதான் பயோடீசல். மெத்தனால் கொடிய விஷம், வைத்திருக்க உரிமமும் வேண்டும். அதனால் ஐ.எஸ். 15607 என்ற இந்தியப் பயோடீசல் தரச் சான்றோடு விற்பவரிடம் வாங்குவதே எங்கள் பரிந்துரை.

வாங்கினாலும் ஒவ்வொரு கேனையும் சோதியுங்கள். மெத்தனால் உரிமம் உள்ள விற்பவரிடமே, 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசல் விட்டுக் குலுக்கி வைக்கச் சொல்லுங்கள். அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் எண்ணெய் முழுதாகப் பயோடீசலாக மாறவில்லை. நம் ஊர் வெயிலில் மெத்தனால் சூடாக இருந்தால் அந்த மிச்சமும் கரைந்து, கெட்ட சரக்கு பாஸாகிவிடும். இரண்டையும் 20 டிகிரி அளவுக்குக் குளிர்வித்துச் செய்யச் சொல்லுங்கள். அடுத்து, பாதி தண்ணீர் பாதி பயோடீசல் விட்டு ஓங்கிக் குலுக்குங்கள். அரை மணிக்குள் இரண்டாகப் பிரிய வேண்டும். நடுவில் மோர் மாதிரி படலம் நின்றால் தயாரிப்பில் உண்டான சோப்பு மிஞ்சியிருக்கிறது, அந்த கேனைத் திருப்பி அனுப்புங்கள். இந்த இரண்டு சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் பின்னால் பம்பைக் கழற்றுகிறார்கள்.

மாறிய புதிதில் ஃபில்டர் அடைக்கும், வண்டி இழுக்காதது போல ஆர்.பி.எம். விழும். எரிபொருளின் குறையல்ல இது. டேங்கிலும் குழாயிலும் டீசல் வருஷக்கணக்கில் படியவிட்ட கசடைப் பயோடீசல் கரைத்துக் கொண்டுவருகிறது. டேங்கை முதலிலேயே கழுவி, கையில் இரண்டு ஃபில்டர் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பழைய ரப்பர் குழாய்கள் உப்பி, இணைப்பில் கசியும். விட்டான் ரப்பருக்கு மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. செம்பு, பித்தளை, துத்தநாகப் பூச்சு உள்ள பாத்திரம் எதிலும் சேமிக்காதீர்கள். அவை பயோடீசலைச் சீக்கிரம் கெடுக்கும்.

மின்வெட்டே இல்லாத மாதங்கள்தான் உண்மையான சோதனை. பயோடீசல் ஈரத்தை இழுக்கும். டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்தால் அங்கே நுண்ணுயிர் வளர்ந்து கொழகொழவென்று பழுப்புப் படலம் வரும். டேங்கை நிரப்பியே வையுங்கள், வாட்டர் செப்பரேட்டரை வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள், ஆறு மாதத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். எப்போதாவது மட்டும் ஓடும் ஜெனரேட்டருக்கு இந்த எரிபொருள் சரிவராது. தினமும் ஓடும் இன்ஜினுக்குத்தான் பொருந்தும்.

நம் கடைகளில் பெரும்பாலும் பாமாயில். அதிலிருந்து எடுத்த சுத்தப் பயோடீசல் 15 டிகிரி பக்கத்திலேயே கலங்கத் தொடங்கும். சமவெளியில் கவலையில்லை. ஊட்டி, கொடைக்கானல் மார்கழிக் குளிரில் கலப்பைக் குறைத்தே ஆக வேண்டும்.

எரிபொருள் செலவாகும் அளவு பி20-இல் ஒன்று, இரண்டு சதவீதம் கூடும். புகைத் துகளைப் பிடிக்கும் வடிகட்டி வைத்த பிஎஸ் 6 (மாசு விதி) வண்டிகளில் பி20 ஊற்றாதீர்கள். வடிகட்டியைச் சுத்தம் செய்யக் கூடுதலாகப் பீய்ச்சும் எரிபொருள் இன்ஜின் ஆயிலில் இறங்குகிறது. டீசல் போல எளிதில் ஆவியாகாமல் பயோடீசல் அங்கேயே தங்கி ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். தயாரிப்பாளர் கையேட்டில் அனுமதித்த அளவுதான் அவற்றுக்கு எல்லை.