கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்த ‘இரத்தப் படலம்’

சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் 2018-இல் முன்பதிவின் பேரில் வெளியிட்ட ‘இரத்தப் படலம்’ சித்திரக்கதையின் வண்ணத் தொகுப்பு என் கைக்கு வந்து சேர்ந்தது 2023-இன் தொடக்கத்தில்தான். சென்னையிலிருக்கும் மச்சான் என் பெயருக்குப் பதிந்து வாங்கித் தன் அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தார்; கொண்டுவரத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைத்த வேளையில் கொரோனா வந்து பறப்புகள் நின்றன. 2022 டிசம்பரில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையிலான விமானம் மறுபடி ஓடத் தொடங்கிய பின்னர், வைத்தியத்துக்காகப் போய்த் திரும்பிய சின்னம்மா அதைத் தூக்கிவந்து, கிளிநொச்சியில் பேருந்தால் இறங்கியதும் முதல் வேலையாகப் பையை என்னிடம் நீட்டி, “உந்தப் பாரத்துக்காக ரெண்டு சீலையை அங்கேயே விட்டிட்டு வந்தனான் தம்பி” என்றார். கெட்டி அட்டை போட்ட மூன்று புத்தகங்களில் பதினெட்டுப் பாகங்கள். இரண்டு சேலைகளுக்கு அவை ஈடா என்று சின்னம்மாவுக்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு முறை முழுமையாக வாசித்துவிட்டதால் இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இக்கதையை எழுதியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் வான் ஹாம். வரைந்தவர் அதே நாட்டவரான வில்லியம் வான்ஸ். பிரெஞ்சு மொழியில் 1984-இல் ‘ஸ்பிரு’ என்னும் வார இதழில் தொடராகத் தொடங்கி, தனித்தனி நூல்களாக வெளிவந்து, இவ்விருவரின் காலம் 2007-இல் பத்தொன்பதாம் நூலோடு முடிந்தது. தமிழில் லயன் காமிக்ஸ் இதை எண்பதுகளின் பிற்பகுதியிலேயே பாகம் பாகமாகக் கறுப்பு வெள்ளையில் வெளியிடத் தொடங்கியிருந்தது. 2010-இல் 850 பக்கங்களைத் தாண்டிய ஒரே புத்தகமாக, அதுவும் கறுப்பு வெள்ளையில், ஒரு தொகுப்பு வந்தது. அதற்குப் பின் வந்ததே இந்த வண்ணப் பதிப்பு. முத்து காமிக்ஸ் 1972-இலும் லயன் காமிக்ஸ் 1984-இலும் தொடங்கின என்பதும், முத்துவின் முதல் இதழில் இரும்புக்கை மாயாவி வந்தார் என்பதும் தமிழில் சித்திரக்கதை வாசிப்பவர்களுக்குப் பாடமாகத் தெரியும் என்பதால் அதை நீட்டவில்லை.

நான் முதலில் ‘இரத்தப் படலம்’ வாசித்தது அக்கராயனில், தொண்ணூறுகளில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில். யாழ்ப்பாணத்தில் படித்த மாமா பொருளாதாரத் தடைக்கு முன்னரே வாங்கி வைத்திருந்த கையடக்கப் பிரதிகள் அவை. மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்க்கப்பட்ட காலமாகையால் ஓர் இரவுக்கு இருபது பக்கத்துக்கு மேல் அம்மா அனுமதிப்பதில்லை. மூன்றாம் பாகத்தை வாசித்த பிறகுதான் இரண்டாம் பாகம் கிடைத்தது. அதிலும் நடுவில் எட்டுப் பக்கங்கள் இல்லை. ஐந்தாம் பாகத்தை நான் பார்த்ததேயில்லை. நினைவிழந்த ஒருவன் தன்னைத் தேடி அலையும் கதையை, பக்கமிழந்த பிரதிகளில் வாசித்ததனால், எது கதையில் விடப்பட்ட இடைவெளி, எது கறையான் விட்ட இடைவெளி என்று பிரித்தறிய எனக்கு வழியிருக்கவில்லை. 2009-இல் உரப்பையில் கட்டியெடுத்த பொருட்களில் அப்பிரதிகள் இருந்தன. பை எங்கே விடுபட்டது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகத் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். கடற்கரையில் ஒருவன் ஒதுங்கிக் கிடக்கிறான். தலையில் குண்டுக் காயம், கழுத்தெலும்புக்கு அருகே ரோமானிய இலக்கத்தில் பதின்மூன்று என்று பச்சை குத்தப்பட்டிருக்கிறது, பெயர் உட்பட ஒன்றும் நினைவில்லை. ஆபே, சாலி என்ற முதிய தம்பதியர் அவனை வீட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். குடிப்பழக்கத்தால் தொழில் உரிமையை இழந்த மார்த்தா என்ற பெண் வைத்தியர் குண்டை அகற்றுகிறார். பிறகு அவனைக் கொல்ல ஆட்கள் வருகிறார்கள். அமெரிக்க ஜனாதிபதி ஒருவரைச் சுட்டவன் அவன்தான் என்று ஒரு சாரார் சொல்ல, அவன் வேறொருவன் என்று இன்னொரு சாரார் சொல்ல, அவன் கைக்குப் பெயர் மேல் பெயராக வந்து சேருகிறது. நினைவிழந்த கொலையாளி என்ற கரு ராபர்ட் லட்லம் 1980-இல் எழுதிய நாவலை ஒத்தது என்பதும், ஜனாதிபதி கொலை 1963-இல் நடந்த கென்னடி கொலையின் நிழல் என்பதும் வெளிப்படையானவை. வான் ஹாம் அவற்றை ஒளித்து வைக்கவும் இல்லை.

ஆனால் வன்னியில் இருந்து இதை வாசிக்கும்போது வேறொன்று தைக்கிறது. கதாநாயகனுக்குப் பிரச்சினை அடையாள அட்டைகள் அதிகமாக இருப்பது. ஒவ்வொன்றிலும் அவனுடைய முகமே இருக்கிறது. முகம் இருந்தும் அட்டை இல்லாமல், பிறப்புச் சான்றிதழின் பிரதிக்காகவும் கிராம அலுவலரின் கடிதத்துக்காகவும் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். நான் நான்தான் என்று நிரூபிக்கும் வேலை எவ்வளவு களைப்பானது என்பதை இக்கதை துப்பாக்கிச் சண்டைகளுக்கு நடுவே, அநேகமாகத் தானே அறியாமல், சொல்லிவிடுகிறது. முதல் தொகுதியில் அவன் தன்னுடைய கல்லறையையே எதிர்பார்ப்பவனைப் போல ஒவ்வொரு ஊருக்கும் போய்க் கதவைத் தட்டும் காட்சிகளை நான் வேகமாகத் தாண்டமுடியாததற்குக் காரணம் அதுதான்.

தொகுப்பை ஒரே மூச்சில் வாசிக்கும்போது எழுத்தாளரின் தொழில் துலக்கமாகத் தெரிகிறது. வான் ஹாம் 1939-இல் பிறந்தவர். வணிகப் பொறியியல் படித்து, பிலிப்ஸ் முதலிய பன்னாட்டு நிறுவனங்களில் வேலை பார்த்து, 1976-இல் வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானவர். முதல் சித்திரக்கதையை அவர் எழுதியது அதற்கு முன்னரே, 1968-இல். அலுவலகத்தில் வேலை செய்தவருக்குரிய கணக்கு அவருடைய கதைகளில் இருக்கிறது. வார இதழுக்கு எழுதிய கதையாகையால், பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கதவு திறக்கும், அல்லது ஒருவர் “நீயா!” என்பார், திறந்தது யார் என்பதைப் பக்கம் திருப்பித்தான் அறியவேண்டும். வாசகருக்கு ஒரு விடையைக் கொடுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கடனாக ஏற்றிவிடுகிறார். எட்டாம் பாகத்தில் முதல் சதியின் தலைமையாள் யார் என்பது தெரியவரும் வரைக்கும் இந்தக் கடன் வரவு செலவு பிசகாமல் நடக்கிறது. மங்கூஸ் என்ற கூலிக் கொலைஞன், ஜெனரல் காரிங்டன், கதாநாயகனை விடத் துணிச்சலான ஜோன்ஸ் என்ற பெண் அதிகாரி ஆகிய மூவரும் வரும் இடங்களில் உரையாடல் வெகு குறைவு, அவ்வளவும் வேலை.

எட்டுக்குப் பின்னர் என் உற்சாகம் இறங்கியது. கொஸ்டா வெர்டே என்ற கற்பனையான இலத்தீன் அமெரிக்க நாட்டில் நடக்கும் புரட்சிக்கதை விறுவிறுப்பானதே, ஆயினும் நினைவைத் தேடியவன் அங்கே வெறும் சாகச வீரனாகிவிடுகிறான். பதினோராம் பாகத்தில் மூதாதையர் விட்டுச்சென்ற தங்கத்தின் கதை வரும்போது எனக்குச் சலிப்பே மிஞ்சியது. ஒவ்வொரு பாகத்துக்கும் நடுவில் ஓராண்டு காத்திருந்த வாசகருக்கு இந்த நீட்சி தெரிந்திராது. மூன்று தொகுதிகளையும் மேசையில் அடுக்கி வைத்து வாசிப்பவருக்குத் தெரியும். எல்லாம் ஒருங்கே கிடைப்பதன் தண்டனை இது. என் இளம் வயதில் ஐந்தாம் பாகம் கிடைக்காததால் அதில் இல்லாத சம்பவங்களையெல்லாம் நானே இட்டு நிரப்பி வைத்திருந்தேன், உண்மையான ஐந்தாம் பாகம் அவற்றுக்கு எட்டவில்லை.

வண்ணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கறுப்பு வெள்ளையில் வான்ஸின் மை அழுத்தமானது. நிழல்களைத் தூரிகையால் அள்ளிப் பூசியவர் அவர். வண்ணம் அதை மறைத்துவிடுமோ என்று அஞ்சினேன். மூலத்தில் வண்ணம் தீட்டியவர் வான்ஸின் மனைவி பெத்ரா என்பதாலோ என்னவோ, அவருடைய கோடுகளின் போக்கை வண்ணம் குலைக்கவில்லை. பனிவெளியில் நடக்கும் காட்சிகளும் இரவுக் காட்சிகளும் எனக்கு முதன்முறையாக விளங்கின. எந்தச் சட்டைக்காரன் எந்தப் பக்கம் என்று ஜாம் போத்தல் விளக்கில் குழம்பிய சண்டைகள் இப்போது தெளிவாக இருக்கின்றன. பிரெஞ்சு மொழிக்காக வரைந்த உரையாடல் குமிழ்களுக்குள் தமிழ் அடங்குவது எப்போதுமே நெருக்கடியான காரியம், ஆகவே கண்ணாடி போடும் வயதுக்காரர்கள் பகலில் வாசிப்பது நல்லது. மொழி தமிழக வழக்கில் இருக்கிறது. எங்களுக்கு அது சிறுவயது முதலே ‘காமிக்ஸ் தமிழ்’ என்ற தனி வழக்காகிவிட்டதனால் உறுத்துவதில்லை.

பதினெட்டாம் நூல் மட்டும் வேறொரு கையால் வரையப்பட்டது. ழான் ஜிரோ வரைந்தார். நம்மவர்களுக்கு அவர் கேப்டன் டைகர் என்ற கௌபாய் கதாநாயகனை வரைந்தவர். வான்ஸ் வரைந்த பத்தொன்பதாம் நூலும் ஜிரோ வரைந்த பதினெட்டாம் நூலும் 2007 நவம்பரில் ஒரே நாளில் வெளியாயின. பழகிய முகங்கள் திடீரென்று வேறு முகங்களாகத் தோன்றும் அதிர்ச்சி, தன் முகத்தையே நம்பமுடியாதவனின் கதைக்குப் பொருந்தித்தான் போகிறது.

கதாநாயகனால் தன் கதையை விட்டு வெளியேற முடியவில்லை, எழுதியவரோ விலகத் தெரிந்தவர். ஓவியர் ரோசின்ஸ்கியுடன் 1977-இல் தொடங்கிய ‘தோர்கல்’ தொடரை 2006-இல் கைமாற்றினார். மறு ஆண்டில் ‘இரத்தப் படல’த்தையும் முடித்தார். பிலிப் ஃபிராங்க் வரையும் ‘லார்கோ வின்ச்’ தொடரை 2015-இல் இருபதாம் நூலோடு விட்டார். பின்வந்தவர்கள் தொடர்ந்தார்கள்: நினைவிழந்தவனின் கதையை 2011-இல் ஈவ் சாந்த் எழுத யூரி ஜிகுனோவ் வரையத் தொடங்கினார், லார்கோவை 2017-இல் எரிக் ஜியாகொமெத்தி எழுதத் தொடங்கினார். விலகிய பின்னரும் வான் ஹாம் சும்மா இருக்கவில்லை. ‘இரத்தப் படல’த்தின் கிளைக்கதை வரிசைக்கு 2018-இல் பதின்மூன்றாவது நூலைத் தானே எழுதி நிறைவு செய்தார். அதே ஆண்டில் கிறிஸ்டோஃப் சிமோன் வரைய ‘கிவு’ என்ற நூலை எழுதினார். கைத்தொலைபேசிக்குள் போகும் கொல்டான் கனிமத்துக்காகக் கொங்கோவின் கிழக்கில் பெண்கள் மீது நடத்தப்படும் வன்முறை அதன் பொருள், டொக்டர் டெனிஸ் முக்வேகே அதில் தம் பெயரோடேயே வருகிறார், அந்த ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஐம்பதாண்டு சாகசக்கதை எழுதியவர் எண்பதை நெருங்கும் வயதில் இப்பொருளைத் தொட்டது எனக்கு வியப்பு. அது தமிழில் வந்தால், எங்கள் ஊரில் வாசிப்பவர்களுக்கு விளக்கக் குறிப்பு தேவைப்படாது. 2021-இல் பிளேக், மார்ட்டிமர் என்னும் பழைய சித்திரக்கதை நாயகர்களுக்கு மீண்டும் ஒரு கதை கொடுத்தார். வான்ஸ் மட்டும் திரும்பவில்லை. தமிழ் வண்ணப் பதிப்பு வந்த அதே 2018-இன் மே மாதத்தில் அவர் காலமானார்.

இப்போது என் மேசையில் இருப்பது ‘தோர்கல்’. வைக்கிங்குகளால் வளர்க்கப்பட்ட வானத்துப் பிள்ளையின் கதை, தமிழிலும் வந்திருக்கிறது. வான் ஹாம் எழுதியவற்றில் மனிதர்கள் மீது அதிக இரக்கம் உள்ளது இதுவே என்பது என் எண்ணம். லார்கோவை வாசிக்கையில் பங்குச்சந்தைச் சூழ்ச்சிகளை அவர் அவ்வளவு எளிதாக விளக்குவதைப் பார்த்து, பிலிப்ஸில் இருந்த காலம் வீணாகவில்லை என்று நினைத்துக்கொள்வேன். லார்கோ திரைப்படங்களில் 2008-இல் வந்த முதலாவதைப் பார்த்தேன். ஓடும் காட்சிகள் நன்று, கணக்கு வழக்குகள் காணாமல் போய்விட்டன. பதின்மூன்றாம் இலக்கத்தானின் கதையை வைத்து 2003-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட கணினி விளையாட்டை வவுனியாவிலிருக்கும் மருமகன் விளையாடிக் காட்டினான். படக்கட்டங்களும் சத்தச் சொற்களும் திரையில் எழும்பும் அந்த விளையாட்டு, இருபதாண்டு கழித்தும் காமிக்ஸ் போலவே தெரிகிறது. 2020-இல் வந்த மறுபதிப்பு அந்த அழகைத் தொலைத்துவிட்டது என்று விளையாடியவர்கள் பரவலாகக் குறைப்பட்டதில் எனக்கும் உடன்பாடு.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விடயங்கள். முன்பதிவோடு அச்சான பதிப்பாகையால் பழைய பிரதிதான் கையில் படும். 2018-இல் ஓர் இந்திய ரூபாய் எங்கள் இரண்டரை ரூபாயை ஒட்டி இருந்தது, இப்போது மூன்றைத் தாண்டி நிற்கிறது, அதற்குமேல் சுமைக்கூலி இருக்கிறது. வழவழப்பான தாள் எங்கள் மாரிகாலத்தில் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டும்; நான் கார்த்திகை தொடங்குமுன் மூன்றையும் பொலித்தீனில் சுற்றி, வேப்பிலைச் சருகு வைத்து, நிலத்தில் படாமல் மேல்தட்டில் ஏற்றிவிடுகிறேன். முதல் தொகுதி மட்டும் தனியாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். மூன்றாவதற்காக யாரையும் சேலையை விட்டுவரச் சொல்லமாட்டேன்.

என் பாடசாலையில் பதினோராம் ஆண்டில் படிக்கும் பையன் ஒருவன் சென்ற மாதம் முதல் தொகுதியை வாங்கிப்போனான். மூன்று நாளில் திருப்பிக் கொண்டுவந்து, “சேர், மற்ற ரெண்டையும் ஒண்டாத் தரேலாதோ?” என்று கேட்டான். அடுத்த கிழமை ஒன்று தருகிறேன் என்றேன். அவன் போகாமல் வாசலில் நின்று, மார்த்தாவுக்கு என்ன நடந்தது என்பதை மட்டுமாவது சொல்லும்படி கேட்டுக்கொண்டிருந்தான், நான் சொல்லவில்லை.