இன்ஜின் ஆயுளைக் கூட்டித் தருகிறோம் என்று என் 61,300 ரூபாயை முழுங்கிய கடை – டீசல் வண்டிக்காரர்கள் படியுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன 61,300 ரூபாய் திரும்பி வருகிறதோ இல்லையோ, அடுத்தவர் வண்டியாவது தப்பட்டும் என்றுதான் எழுதுகிறேன். டீசல் இன்ஜின் நீண்ட நாள் உழைக்க நிஜமாகவே என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குத் தொழில் நாமக்கல்லில் இருந்து பாலக்காடு, திருச்சூர் பக்கம் முட்டை லோடு அடிப்பது. சொந்த வண்டி, நானே டிரைவர். 2018 மாடல் பிக்கப், புகைக் கட்டுப்பாட்டு விதியில் பி.எஸ்.4, டீசலை அதிக அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் வைத்துப் பீய்ச்சுகிற காமன் ரெயில் இன்ஜின். லாரியில் கிளீனராக ஏறி இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். ஆயில் மாற்றுவதிலோ ஃபில்டர் மாற்றுவதிலோ குறை வைத்ததே இல்லை. மைலேஜ் மட்டும் லேசாக இறங்கின மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

பைபாஸ் ஓரம் புதிதாக ஒரு கடை திறந்தார்கள். பெயர் போடவில்லை, போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறான் தம்பி. கார்பன் கிளீனிங் செய்கிறோம், டீசல் டேங்கில் ஊற்ற ஒரு பாட்டில், இன்ஜின் ஆயிலில் ஊற்ற இன்னொரு பாட்டில் என்று விற்கிற வகைக் கடை. ஏசி ரூம், கண்ணாடி மேசை, சீருடை போட்ட பையன்கள்.

மேசை மேல் ஒரு சின்ன மெஷின். மோட்டார் ஒரு இரும்பு வளையத்தைச் சுற்றுகிறது, அதன் மேல் ஒரு பேரிங் துண்டை லீவரால் அழுத்துகிறார்கள், லீவர் முனையில் எடைக்கற்களை ஒவ்வொன்றாக மாட்டுகிறார்கள். சாதா ஆயிலில் இரண்டாவது கல்லுக்கே கிறீச்சென்று கத்தி மோட்டார் நின்றுவிட்டது. அவர்கள் சரக்கில் நாலு சொட்டு விட்டார்கள். எல்லாக் கல்லையும் மாட்டியும் நிற்கவில்லை. பேரிங்கைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தான். சாதா ஆயிலில் ஓடிய பக்கம் நகக்கண் அளவுக்குத் தேய்ந்த பள்ளம், இவன் சரக்கு விட்ட பக்கம் எள் அளவுக் கீறல். கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது?

அப்புறம் ஓனர் வந்து உட்கார்ந்தார். "எங்கப்பாவும் டிரைவர்தானுங்ணா, சங்ககிரில லாரி ஓட்டுனாரு" என்று போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். லாரி முன்னால் கைலியோடு நிற்கும் ஒரு பெரியவர். "உங்ககிட்ட பொய் சொல்லிச் சம்பாதிச்சா எனக்குச் சோறு இறங்குமாங்ணா? இது கெமிக்கல் இல்ல, நேனோ. இன்னும் மூணு லட்சம் கிலோமீட்டருக்கு இன்ஜினை இறக்கவே வேண்டாம். கார்டுல கையெழுத்துப் போட்டுத் தரேன்." டீ வரவழைத்தார். 14,800 ரூபாயை யூபிஐயில் அனுப்பினேன். கையில் கிடைத்தது மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த ஒரு சீட்டு. ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். வரவே இல்லை.

அடுத்த சில நாளிலேயே காலையில் வண்டி எடுக்க மறுத்தது. நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். பிடித்தால் வெள்ளைப் புகை, ஐடிலில் டொக் டொக் என்று ஒரு தட்டல். போன் போட்டேன். "அழுக்கு வெளிய வருதுங்ணா, நல்ல அறிகுறி. இன்னொரு பாட்டில் ஊத்துங்க, ஆயிரம் ரூபாய் குறைச்சுத் தரேன்" என்றார்கள். நோயாளிக்குக் காய்ச்சல் ஏறினால் அதே ஊசியை இன்னொன்று போடு என்கிற டாக்டர் மாதிரி.

பாலக்காடு தாண்டி, குதிரான் சுரங்கத்துக்கு முன்னால் இன்ஜின் லைட் எரிந்தது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நடக்கிற வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் முழு லோடு முட்டை, உச்சி வெயில். இன்னொரு வண்டியைக் கெஞ்சிக் கூப்பிட்டு லோடை மாற்றி, என் வண்டியை ரெக்கவரி வண்டியில் கட்டிக் கோயம்புத்தூருக்கு இழுத்து வந்தேன். அந்த ஒரு நாளைக்கு மட்டும் 11,500 ரூபாய். உடைந்த முட்டைக்கு லோடு முதலாளி வாடகையில் பிடித்ததை நான் இதில் சேர்க்கவே இல்லை.

கோவையில் டீசல் பம்ப் வேலை பார்க்கிற பெரிய மிஸ்திரி ஒருவர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கறுப்புக் கூழ். கேபினில் மிச்சம் இருந்த பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுத் தேய்த்தார். இரண்டு தேய்ப்பில் காய்ந்துவிட்டது, கை வெளுத்துப் போச்சு, தின்னர் வாடை. "டீசலைத் தேய்ச்சா பிசுபிசுன்னு நிக்கணும் தம்பி. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனியா ஆயில் கிடையாது, டீசல்தான் ஆயில். அதுல போய் இதை ஊத்தியிருக்காங்க" என்றார். இன்ஜெக்டர் என்றால் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற பாகம். டேங்கின் அடியில் பல வருஷமாகப் படிந்திருந்த கசடையெல்லாம் அது கரைத்துக் கிளப்பி ஃபில்டரில் கொண்டுபோய் அடைத்திருக்கிறது. 1,600 பார் அளவுக்கு அழுத்தம் ஏறுகிற இடத்தில் வழவழப்பு இல்லை என்றால் என்ன ஆகும்? நாலு இன்ஜெக்டரிலும் மிச்ச டீசல் திரும்பி வருகிற ரிட்டர்ன் லைனில் ஒவ்வொரு டியூப் மாட்டி ஓடவிட்டார். இரண்டு டியூபில் டீசல் அடியிலேயே கிடந்தது, மற்ற இரண்டில் மளமளவென்று ஏறி நிரம்பியது. அப்படி நிரம்பினால் உள்ளே தேய்ந்து ஒழுகுகிறது என்று அர்த்தம். அந்த இரண்டு இன்ஜெக்டரும் போச்சு. 28,000 ரூபாய். டேங்க் கழுவி, ஃபில்டர் மாற்றி, பம்ப் டெஸ்ட் செய்து, கூலியும் சேர்த்து 7,000. கடைக்குக் கொடுத்த 14,800, ரோட்டில் போன 11,500 எல்லாம் கூட்டிப் பாருங்கள். 61,300.

மிஸ்திரி சொன்ன இன்னொரு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது டீசலில் இருக்கும் கந்தகத்தை 50 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்து 10 பிபிஎம்முக்கு இறக்கினார்கள். கந்தகத்தை எடுக்கிற வேலையில் டீசலின் வழவழப்பும் குறையும். அதற்கு வேண்டிய மருந்தைச் சேர்த்துத்தான் எண்ணெய் கம்பெனியே டீசலை அனுப்புகிறது. அப்படியானால் நாமாக ஊற்றுகிற இந்த மாதிரி மருந்து, அதாவது அடிட்டிவ், எல்லாமே மோசடியா என்று கேட்டேன். இல்லை என்றார். செடேன் (டீசல் சட்டென்று பற்றும் தன்மை) கூட்டுவதற்கு, இன்ஜெக்டர் நாசில் படிவைக் கரைப்பதற்கு, மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் ஜெனரேட்டர் டேங்கில் பூஞ்சை பிடிக்காமல் இருப்பதற்கு என்று உருப்படியான சரக்கு இருக்கிறதாம். ஆனால் தேய்ந்த உலோகத்தை வளர்த்துத் தரும் பாட்டில் எதுவும் இன்னும் வரவில்லை என்றார்.

அந்த மேசை மெஷின் கதையைத் தம்பி தோண்டி எடுத்தான். அமெரிக்காவில் டிவி விளம்பரத்தில் பல வருஷம் காட்டிப் பழசாகிப்போன வித்தையாம். குளோரின் கலந்த எண்ணெய் அந்த மாதிரி உரசலில் ஜோராக நிற்கும். ஆனால் அதே சரக்கு இன்ஜின் சூட்டில் அமிலமாகி பேரிங்கை அரிக்கக்கூடும். இன்ஜினுக்குள் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு) ஓடுவதோ அழுத்தத்தோடு வரும் ஆயில் படலத்தின் மேல். அங்கே இப்படி இரும்பும் இரும்பும் உரசுவதே கிடையாது. ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்ததற்காக 1990களில் ஆயில் அடிட்டிவ் கம்பெனிகள் பலவற்றின் மேல் அந்த நாட்டு வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்திருக்கிறது. அந்த மெஷின்தான் இங்கே கண்ணாடி மேசை மேல் உட்கார்ந்திருக்கிறது.

இனி கடைக்காரர் அலையவிட்ட கதை. நேரில் போனால் ஓனர் வெளியூர். போன் போட்டால் "பங்க் டீசல்ல கலப்படம் இருக்கும், அங்க போய்க் கேளுங்க." பங்கில் போய்க் கேட்டேன், அவர்கள் முகம் சுளிக்காமல் டென்சிட்டி (அடர்த்தி) பார்த்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள், சரியாக இருந்தது. அதைச் சொன்னால் "வாரண்டி கார்டுக்குப் பின்னாடி படிச்சீங்களா? இன்ஜெக்டர் அதுல வராது." ஹெட் ஆபீஸ் நம்பர் என்று ஒன்று கொடுத்தார்கள்; அதை எடுத்தவன் அதே கடையில் எனக்கு டீ கொண்டுவந்த பையன். குரல் தெரியாதா எனக்கு? கடைசியில் 61,300 ரூபாய் கணக்கை ரசீதோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு பிளாக்.

தம்பி போய்க் கேட்டதற்கு, "உங்க வண்டி மஞ்சள் போர்டு, கமர்ஷியல். நுகர்வோர் கோர்ட்ல கேஸே நிக்காது" என்றாராம் ஓனர். இதை நம்பித்தான் பாதிப் பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தன் பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவன் அதற்காக வாங்கியதை வணிக நோக்கம் என்று கணக்கில் எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போட்டுப் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. அடுத்து அங்கேதான்.

டீசல் இன்ஜின் பராமரிப்பு பற்றிக் கடைசியில் எழுதுவதாகச் சொன்னேன். லோடு போன் விடாமல் அடிக்கிறது, அதனால் சுருக்கமாக. ஃபில்டருக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் திருகை அவ்வப்போது திறந்து வடித்துவிடுங்கள். மேடு ஏறி வந்ததும் சாவியை அணைக்காமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள், டர்போ பிழைக்கும். மண்ணெண்ணெய், டூ ஸ்ட்ரோக் ஆயில் எதையும் டேங்கில் ஊற்றாதீர்கள். டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பி.எஸ்.6 வண்டி என்றால் கூடுதல் ஜாக்கிரதை, கண்ட சரக்கின் சாம்பலும் அதில்தான் போய் அடையும். தயாரித்தவன் முகவரியும், லிட்டருக்கு எத்தனை மில்லி என்ற அளவும் இல்லாத பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள். ஜிஎஸ்டி பில் கையில் வராமல் காசு அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டவர்கள் ஸ்டார்ட் அடித்து அடித்துப் பார்க்காமல் டேங்கை வடித்துவிடுங்கள். மிச்ச பாட்டில், எஸ்டிமேட் சீட்டு, பழைய ஃபில்டர் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புகாருக்கு அதுதான் சாட்சி.