பைலட் பேக்னு சொல்லி வித்தாங்க, நாலு மாசத்துல சக்கரம் தனியா கையோட வந்துருச்சு

கொஞ்சம் நீளமான பதிவு, தயவு செஞ்சு முழுசா படிங்க. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடின்னு நம்ம பக்கத்துப் புள்ளைங்க இப்ப நிறைய பேர் பைலட் ட்ரெய்னிங் போறாங்க, கேபின் க்ரூல சேர்றாங்க, வேலை கிடைச்ச சந்தோஷத்துல வீட்ல இருக்கிறவங்க நல்லதா ஒரு பெட்டி வாங்கிக் கொடுக்கணும்னு கடைக்குப் போவாங்க, அந்த ஆசைய வச்சுத்தான் எங்கள ஏமாத்துனாங்க. இன்னொரு வீட்ல இது நடக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

நான் ஏடிஆர் 72ங்கிற சின்ன ப்ரொப்பெல்லர் விமானத்துல ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது கோ-பைலட். வீடு பாபநாசம் பக்கத்துல ஒரு கிராமம். அப்பா கூட்டுறவு சங்கத்துல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. போன தீபாவளிக்கு நான் லீவுல வரதுக்குள்ள யார்கிட்டயும் சொல்லாம கும்பகோணம் போயி, கருப்பு கலர்ல நாலு சக்கர ட்ராலி ஒண்ணு வாங்கிட்டு வந்து கூடத்துல துண்டு போட்டு மூடி வச்சிருந்தாரு. 11,500 ரூபா. கடைக்காரர் சொன்னத அப்படியே ஒப்பிச்சாரு: "பாப்பா, இது பாலிஸ்டிக் நைலானாம், 1680 டி, ஏர்லைன்ஸ்காரங்க எல்லாம் இதத்தான் இழுத்துக்கிட்டுப் போறாங்களாம், அஞ்சு வருஷம் வாரண்டி." கூடவே ஒரு சதுரமான லெதர் பெட்டியும், மேல தொறக்கிற மாதிரி, பைலட்னா அது கண்டிப்பா வேணும்னு 6,000 ரூபாய்க்கு தலையில கட்டப் பார்த்திருக்காங்க, கையில காசு இல்லாததால அப்பா அத விட்டுட்டு வந்தாரு. அந்தப் பெட்டி எல்லாம் பேப்பர் சார்ட்டும் மேனுவலும் தூக்கிக்கிட்டு அலைஞ்ச காலத்துக்கு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ்ல மட்டும் ஒவ்வொரு பைலட்டும் கிட்டத்தட்ட 16 கிலோ கிட் பேக் தூக்கிக்கிட்டு இருந்தாங்க, 2013ல அத ஐபேடுக்கு மாத்தி முடிச்சுட்டாங்க. இப்ப நான் எடுத்துட்டுப் போறதும் ஐபேடுதான். யாராவது பைலட்டுக்கு ரெண்டு பெட்டி வேணும்னு சொன்னா நம்பாதீங்க.

பேக் முதல் ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஜிப் ஸ்லைடர் ஒரு பக்கம் பிடிக்காம போச்சு, மூடுனா பின்னாடியே வாய் தொறந்துக்கும். பிடி பாதியில மாட்டிக்கும், மேலயும் வராது கீழயும் போகாது. இதெல்லாம் நான் அப்பாகிட்ட சொல்லவே இல்ல, சொன்னா வருத்தப்படுவாருன்னு. மாசி மாசம் திருச்சியில ஃப்ளைட் இறங்குனப்ப நடந்ததுதான் கடைசி. ஏடிஆர்ல கதவு பின்னாடி, கதவோடயே படி, அஞ்சாறு படி இறங்கி கடைசிப் படியில இருந்து பேக்க கீழ வச்சேன், ஒரு அடி உயரம் கூட இருக்காது, டக்னு ஒரு சத்தம். வலது பின் சக்கரம், அத பிடிச்சிருந்த பிளாஸ்டிக் கிண்ணம், அதுல இருந்த ரெண்டு ரிவெட் எல்லாம் சேர்ந்து பிஞ்சு தரையில உருண்டுச்சு. ஏர்சைடுல, அதாவது விமானம் நிக்கிற, ஓடுற பக்கத்துல, ஒரு ஸ்க்ரூ கூட கீழ கிடக்கக் கூடாது, இன்ஜினுக்கும் டயருக்கும் ஆபத்து, அதனால பேசஞ்சர் எல்லாம் பஸ்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க நான் யூனிஃபார்மோட குனிஞ்சு ஒவ்வொரு துண்டா பொறுக்கினேன். அப்புறம் ஒம்பது கிலோ பேக்க கையில தூக்கிக்கிட்டு புது டெர்மினல் வரைக்கும் நடந்தேன்.

அன்னைக்கு எங்கூட வந்த கேப்டன் சார் எதுவும் பேசல. அடுத்த லேஓவர்ல (வேலைக்கு நடுவுல வெளியூர்ல ராத்திரி தங்குறது) ஹோட்டல் லாபியில அவரோட பேக்க தலைகீழா கவுத்துப் போட்டு, "இங்க பாரும்மா"ன்னு காட்டுனாரு. லக்கேஜ் வொர்க்ஸ்னு அமெரிக்காவுல க்ரூவுக்குன்னே செய்யற பேக், ஒம்பது வருஷமா ஓடுது. ரெண்டே சக்கரம், ஸ்கேட்டிங் ஷூவுல இருக்குமே அந்த மாதிரி, பேரிங் வச்சது, முக்கால்வாசி பேக்குக்கு உள்ளயே பதிஞ்சிருந்துச்சு, அடி வாங்க வெளியில எதுவும் நீட்டிக்கிட்டு இல்ல. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஸ்க்ரூ, ஆலன் கீ போட்டா கழண்டு வரும். மூணு தடவ சக்கரம் மாத்திட்டாராம், ஒரு தடவ பிடி மாத்திட்டாராம், ஃப்ரேம் உலோகம், அது அப்படியே இருக்கு. முன்னாடி ஒரு கொக்கி, அதுல சின்ன பேக்க மாட்டிட்டு ஒரே கையில இழுக்கலாம். என் பேக்க கவுத்துப் பாத்தா எல்லாமே ரிவெட், ஒண்ணக் கூட கழட்ட முடியாது. கடையில போயி நிக்கும்போது நீங்க முதல்ல செய்ய வேண்டியது இதுதான், பேக்க கவுத்துப் போட்டு அடியப் பாருங்க. ஸ்க்ரூ இருந்தா மேல பேசுங்க, ரிவெட்டா இருந்தா வெச்சுட்டு வந்துருங்க.

சக்கரம் நாலா ரெண்டாங்கிறதுல எனக்கு இப்ப சந்தேகமே இல்ல. இந்த ட்ராலி பேக்கையே செஞ்சது ஒரு பைலட்தான், ராபர்ட் பிளாத்னு நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ்ல 747 ஓட்டுனவரு, 1987ல. அதுக்கு முன்னாடி பெட்டிய படுக்க வச்சு வார் கட்டி இழுத்துக்கிட்டு இருந்தாங்க, அவரு நிமித்தி வச்சு ரெண்டு சக்கரமும் நீள பிடியும் போட்டாரு, மொதல்ல வாங்குனது கூட வேலை செஞ்ச க்ரூதான். நாலு சக்கரம் கடையோட டைல்ஸ் தரையில வழுக்கிக்கிட்டு அழகா போகும், அத வச்சுத்தான் விக்கிறாங்க. நமக்கு தார் ரோடு, சாய்வுப் பாதை, படி, க்ரூ வேன். வேன் திரும்புனா நாலு சக்கர பேக் தானா ஓடி அடுத்தவங்க கால்ல இடிக்கும். இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க, கேபின் பேக்குக்கு 55 சென்டிமீட்டர்னு உயர அளவு சொல்றாங்கல்ல, அது சக்கரத்தையும் சேர்த்துத்தான், வெளிய தொங்குற நாலு சக்கரமே நாலஞ்சு சென்டிமீட்டர தின்னுரும், உள்ள ஒரு செட் யூனிஃபார்ம் வைக்கிற இடம் போச்சு.

துணி கதைக்கு வரேன், எனக்கு ரொம்பக் கோபம் வந்தது அதுலதான். சித்தப்பா திருபுவனத்துல பட்டு நெய்றவரு. 1680டில வர்ற டிங்கிறது டெனியர், அது அவருக்குத் தெரியும், 9000 மீட்டர் நூல் எத்தன கிராம் இருக்கோ அதான் டெனியர், பட்டுக்கும் அதே கணக்குத்தான். பேக்க மடியில வச்சு கிழிஞ்ச ஓரத்துல இருந்து ஒரு இழைய நகத்தால உருவி விரல்ல திரிச்சுப் பாத்தாரு. "இது 1680 எல்லாம் இல்லம்மா, இதுல பாதி கூட வராது"ன்னாரு. அப்புறம் கொல்லப்புறம் போயி அந்த இழைய தீக்குச்சியில காட்டுனாரு, கருகருன்னு புகை வந்து, நுனியில கருப்பா கெட்டியா ஒரு உருண்டை நின்னுச்சு. நைலான்னா இப்படிக் கரும்புகை வராது, உருகி சாம்பல் நிறத்துல உருண்டையாகும்னாரு. ஆக பாலியஸ்டர். பேக்கோட டேக்ல 1680டின்னு தங்க எழுத்துல போட்டிருக்கு, ஆனா எது 1680டின்னு போடவே இல்ல. இத நல்லா கவனிங்க, பாலியஸ்டர்லயும் 1680டி வருது, அதுவும் நைலானும் ஒண்ணு இல்ல, டேக்ல நைலான்னு வார்த்தை இருக்கணும். உண்மையான பாலிஸ்டிக் நைலான கிட்டத்துல பாத்தா கூடை பின்னுன மாதிரி ரெண்டு ரெண்டு இழையா தெரியும், தடவுனா கொஞ்சம் சொரசொரன்னு கனமா இருக்கும். ரெண்டாம் உலகப் போர்ல வெடிகுண்டுச் சிதறல் படாம இருக்க விமானப்படைக்காரங்க போட்ட ஜாக்கெட்டுக்காக வந்த துணி அது.

உள் லைனிங்க கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பேக் தைக்கிற அண்ணன் பிளேடால கீறிக் காட்டுனாரு. பிடியோட ரெண்டு குழாயும் மெல்லிசான பிளாஸ்டிக் அட்டையில ரிவெட் அடிச்சு நின்னுக்கிட்டு இருக்கு, அட்டை ஏற்கனவே விரிசல். ஜிப் இழுப்பான்ல ஒய்கேகேன்னு பேர்போன ஜிப் கம்பெனி எழுத்து, பல்லுல எதுவும் இல்ல, இழுப்பான மட்டும் வாங்கி மாட்டுறாங்களாம். ஜிப்ப பாக்கும்போது அகலத்தப் பாருங்க, மூடுனா பல்லு அகலம் எத்தன மில்லிமீட்டரோ கிட்டத்தட்ட அதான் அதோட நம்பர், பெரிய பெட்டி ஜிப் 8, 10 நம்பராவது இருக்கணும், என்னோடது 5.

இப்ப கடை. சக்கரத்தையும் வாரண்டி கார்டையும் எடுத்துக்கிட்டு அப்பாவும் நானும் போனோம். கார்டு முன்பக்கம் அஞ்சு வருஷம்னு கொட்டை எழுத்து, பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்துல சக்கரம், பிடி, ஜிப், லாக், லைனிங் இதுக்கெல்லாம் வாரண்டி கிடையாதுன்னு இருக்கு. அப்ப ஒரு பெட்டியில மிச்சம் என்ன இருக்கு சொல்லுங்க. கடைசி வரி, தொழில் ரீதியான உபயோகத்துக்கு வாரண்டி செல்லாது. பைலட்டுக்குன்னே வித்த பேக்கு! கடைக்காரர் அந்த வரிய விரல் வச்சுக் காட்டி, "மேடம் ஃப்ளைட்ல வேலை பாக்குறாங்கல்லண்ணே, அப்ப இது வராது"ன்னு சொன்னாரு. அப்பா மெதுவா கேட்டாரு, "தம்பி, அத நீங்க வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே?" அதுக்கு, "படிச்சுப் பாத்து வாங்க வேண்டியது உங்க பொறுப்புண்ணே, வேணும்னா புதுசுல 1,500 குறைச்சுத் தரேன்." முப்பது வருஷம் விவசாயிங்களுக்கு ரசீது எழுதிக் கொடுத்த மனுஷன், ஒரு ரூபா வித்தியாசம் வந்தா ராத்திரி உக்காந்து கணக்கு பாப்பாரு, அவர அந்தக் கடையில நாலு பேர் முன்னாடி அப்படி நிக்க வச்சாங்க. எனக்கு 11,500 ரூபாய விட அதுதான் தாங்கல.

வாங்குன அன்னைக்கு அப்பா பில்லு கேட்டப்ப, பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி மேல வரும்ணே, எஸ்டிமேட் போட்டுக்கலாம்னு சொல்லி ஒரு துண்டுச் சீட்டுதான் கொடுத்திருக்காங்க. அதுல கடை பேரு கூட இல்ல, "டிராலி 1" அப்படின்னு ஒரு வரி, தொகை, அவ்வளவுதான். தெரிஞ்ச கடைன்னு அப்பாவும் விட்டுட்டாரு. எம்ஆர்பி போட்ட பொருள்ல வரி அதுக்குள்ளயே அடக்கம், மேல கேக்கக் கூடாது. பேக்குல எம்ஆர்பி, செஞ்சவங்க இல்ல இறக்குமதி பண்ணவங்க பேரு விலாசம், மாசம் வருஷம் எல்லாம் அச்சடிச்சு இருக்கணும், என் பேக்குல பேனாவால எழுதுன ஸ்டிக்கர்தான். பில்லுல 15 இலக்க ஜிஎஸ்டி நம்பர் இருக்கணும், தமிழ்நாட்டுக் கடைன்னா 33ல ஆரம்பிக்கும், அத அங்கயே நின்னு பாருங்க. நல்லவேளை 5,000 ரூபா மட்டும் அப்பா ஜிபேல அனுப்பியிருக்காரு, எங்க கையில இருக்கிற ஒரே உறுதியான ஆதாரம் அது.

1915ங்கிற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் கொடுத்தோம், கடைக்காரர் அது எங்க பேக்கே இல்லன்னுட்டாரு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல குறையுள்ள பொருள பில்லுல போட்ட காலத்துக்குள்ள, அப்படி எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள திருப்பி எடுக்க மறுக்கிறதும், பில் கொடுக்காம இருக்கிறதும் நியாயமற்ற வணிக நடைமுறைன்னு தெளிவா இருக்கு. நான் நாலு மாசம் பொறுத்துக்கிட்டது தப்பு, ஜிப் போன அன்னைக்கே எழுத்துல புகார் கொடுத்திருக்கணும். 5 லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனுவுக்கு ஃபீஸ் கிடையாது, அதனால தஞ்சாவூர்ல போடுறதுன்னு முடிவு பண்ணிட்டோம்.

ஒண்ணு சொல்லணும், பேசஞ்சரா போறவங்க நான் சொல்றத வச்சு க்ரூ பேக் தேடாதீங்க. உலோக ஃப்ரேம் வச்ச பேக் காலியாவே நாலு கிலோவுக்கு மேல வரும், உங்களுக்கு கேபின்ல 7 கிலோதான், சட்டை வேட்டி வைக்க இடம் இருக்காது. மாசத்துல பாதி நாள் பெட்டியும் கையுமா இருக்கிற ஆளுக்குத்தான் அந்தக் கனமும் அந்த விலையும் சரி. புதுசா சேர்ற புள்ளைங்க உடனே வாங்கவும் வேணாம், முதல் ஆறு மாசம் வீட்ல இருக்கிற பேக்க வச்சு ஓட்டுங்க, எந்த ஏர்கிராஃப்ட், எத்தன லேஓவர்னு தெரிஞ்சப்புறம் சீனியர்ங்க பேக்க கவுத்துப் பாத்துட்டு, சக்கரமும் பிடியும் தனியா விலைக்குக் கிடைக்குதான்னு கேட்டுட்டு வாங்குங்க.

கேஸ் போடப் போறதால கடை பேர இங்க எழுதல, கமெண்ட்ல கேக்காதீங்க. கும்பகோணத்துல இதே மாதிரி தங்க எழுத்துல 1680டி டேக் போட்ட கருப்பு நாலு சக்கர ட்ராலி, பேரில்லாத எஸ்டிமேட் சீட்டோட வாங்குனவங்க யாராவது இருந்தா, சீட்டையும் பேக்கையும் தூக்கிப் போட்டுறாம எனக்கு இன்பாக்ஸ்ல சொல்லுங்க. அடுத்த வாரம் எனக்கு ரெண்டு நாள் ஆஃப் இருக்கு, அப்பாவோட தஞ்சாவூர் போறேன், சேர்ந்து வரவங்க வாங்க.