காந்தளூர்ச் சரிவில் ஒரு காய்கறிக்கடை

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மறையூரிலிருந்து காந்தளூருக்கு ஏறும் சாலையோரத்தில், பெயர்ப்பலகை ஏதுமின்றித் தகரக் கொட்டகையில் நடக்கும் இயற்கை வேளாண் காய்கறிக்கடை ஒன்றில் 3 மாதங்களாக வாரந்தோறும் வாங்கி வருகிறேன். கொட்டகையின் பின்புறம் தட்டுத் தட்டாக இறங்குவது கடைக்காரரின் தோட்டமே. கேட்டால் அவரே உள்ளே அழைத்துச் சென்று காட்டுகிறார். வாங்குகிறவர்கள் ஒருமுறையாவது இறங்கிப் பார்க்க வேண்டும்.

முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு நடுவே கடுகு விதைத்திருக்கிறார். கோஸைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி கடுகை நாடிச் சென்று முட்டையிடுவதால், வேப்பங்கொட்டைச் சாற்றைப் பெரும்பாலும் அந்த வரிசைகளில் தெளித்தாலே போதுமாகிறது. ஏறத்தாழ எல்லாப் பூச்சிக்கொல்லிகளுக்கும் பழகிவிட்ட பூச்சி இது. மருந்தை மாற்றி மாற்றி அடித்து அதை வென்றவர் இல்லை. செடியடியில் கிடந்த சருகு மூடாக்கை அவர் விலக்கியபோது, மண் புட்டு மாவு போல் ஈரமாக உதிர்ந்தது; விரலிடுக்கில் மண்புழுக் கழிவின் சிறு உருண்டைகள். சரிவு நிலத்தில் மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் காப்பதும் இந்த மூடாக்குதான்.

இது அவருடைய தோட்டத்தோடு முடியும் காரியமன்று. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளுள் ஒன்றான பாம்பாறு, இந்தப் பக்கத்து மலைச்சரிவுகளின் நீரைத் திரட்டிக்கொண்டு தமிழ்நாட்டின் அமராவதி ஆற்றில் கலப்பதால், இங்கே நாம் மண்ணில் கொட்டுவது உடுமலை, தாராபுரம் பக்கத்து மக்களின் தண்ணீரைத் தொடும். செடி எடுத்தது போக மிஞ்சும் யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக நீரில் இறங்குகிறது. ஒரு பகுதி, கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகிறது. தொழு உரமும் அளவு மீறினால் இதே கேட்டைச் செய்யும் என்பதை அறிந்து, அவர் நன்கு மக்கிய எருவைப் பயிர் பார்த்து அளந்தே இடுகிறார். எனக்கு அவர்மீது நம்பிக்கை வந்தது அதைக் கண்ட பிறகுதான்.

பட்டர் பீன்ஸும் பூண்டும் மிக நன்று. கேரட் சிறுத்திருந்தாலும் இனிப்பு. சந்தை விலையைவிடக் கிலோவுக்கு 10, 15 ரூபாய் கூடுதல். சான்றிதழ் இல்லை. விவசாயிகளே ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதித்து வழங்கிக்கொள்ளும் பங்கேற்பு உத்தரவாதச் சான்றுக்குக் குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டும். பக்கத்துத் தோட்டங்களோ இன்னும் ரசாயனத்தை விடவில்லை.

குறை ஒன்று உண்டு. உடுமலைச் சந்தையில் வாங்கிய தக்காளியையும் அதே தட்டில் வைத்திருந்தார். வருத்தத்தோடு சொன்னேன். "தப்புதாங்க, தனியா எழுதி வச்சிடறேன்" என்றார். சென்ற வாரம் தக்காளிக் கூடை தனியே இருந்தது. அதன்மேல் 'சந்தைச் சரக்கு' என்று அட்டையில் எழுதியிருந்தது. பீன்ஸை மட்டும் இன்னும் பாலிதீன் பையில் கட்டித் தருகிறார். துணிப்பை கொண்டு செல்லுங்கள்.