உவர் நிலத்து நெல்லுக்குப் பொட்டாஷ் கரைசலா, சூடோமோனாஸா?

ஆரம்பாக்கம், தடா பக்கம் பழவேற்காடு ஏரியை ஒட்டி உவர் தட்டும் வயல்களில் நெல் முதலில் தள்ளாடுவது நாற்றுப் பருவத்தில்தான். மண்ணில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். நாற்று இதைத் தாங்க, விதைக்கும் முன் விதையை நேர்த்தி செய்ய இரண்டு வழிகள் உண்டு.

புழுதியில் நேரடியாக விதைப்பவர்களுக்குப் பொட்டாசியம் குளோரைடு (பொட்டாஷ்) விதை நேர்த்தியே பொருந்தும். லிட்டருக்கு 10 கிராம் வீதம் கரைத்த நீரில், கிலோ விதைக்கு 1 லிட்டர் என்ற அளவில் 16 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். உப்பு நிலத்து விதையை உப்பிலேயே ஊறவைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. பயிரைக் கெடுப்பது பெரிதும் சோடியம், அதற்கு எதிராக நிற்பது பொட்டாசியம் என்பதால் அந்த அச்சம் வேண்டியதில்லை. நேரம் மட்டும் தப்பக்கூடாது: முளைவேர் வெள்ளையாக எட்டிப் பார்த்தபின் உலர்த்தினால் அது கருகிவிடும்.

நாற்றங்கால் விடுபவர்கள் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை நாடலாம். கிலோ விதைக்கு 10 கிராம் தூளை நீரில் கலந்து இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை வடித்து, முளைகட்டி விதைக்கலாம். குலைநோய்க்கும் காப்பு கிடைக்கும். ஆனால் உவரைத் தாங்கவைக்கும் திறன் அந்தப் பாக்டீரியாவின் வகைக்கு வகை மாறும். ரசாயனப் பூஞ்சாணக் கொல்லியோடு இதைக் கலக்கவும் கூடாது. உவருக்காக மட்டும் என்றால் என் தேர்வு பொட்டாஷ்தான்.

பூக்கும் பருவத்து உவர்ப்பை இரண்டுமே பெரிதாகத் தடுக்காது. அதற்கு நல்ல தண்ணீர் கட்டி வடிப்பதும் உவர் தாங்கும் ரகமும் வேண்டும்.