என்.எஸ்., ஆர்.எல்., டி-5: எதை எப்போது ஏற்றுவது?

வார்டு அலமாரியில் மூன்று பாட்டில்களும் அடுத்தடுத்து நிற்கும். நார்மல் சலைன் (என்.எஸ்., உப்புக் கரைசல்), ரிங்கர் லாக்டேட் (ஆர்.எல்.), ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (டி-5, சர்க்கரைக் கரைசல்). எதை ஏற்றுவது என்று எழுதுவது டாக்டர். ஏற்றிய பிறகு நோயாளியின் பக்கத்தில் நிற்பது நர்ஸ். அதனால் ஒவ்வொன்றும் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பது நமக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சொந்தக்காரர்கள் விரும்பிக் கேட்பது டி-5. "சிஸ்டர், அப்பா ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்." ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய 170 கிலோகலோரி. நாலு இட்லி சாப்பிட்டால் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். அந்தச் சர்க்கரையை உடம்பு எரித்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது செல்களுக்குள் பரவிவிடும். ரத்தக் குழாயில் பத்தில் ஒரு பங்குகூட நிற்காது. பி.பி. இறங்கிய நோயாளியை இது தூக்கி நிறுத்தாது. அதிகமாக ஓடினால் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். சோடியம் ஏறியவருக்குத் தண்ணீர் கொடுக்கவும், சில மருந்துகளைக் கலந்து ஏற்றவும் இது தேவை. ஆனால் இழந்த நீரை ஈடுகட்டும் போட்டியில் இதற்கு இடமில்லை.

உண்மையான போட்டி என்.எஸ்.ஸுக்கும் ஆர்.எல்.லுக்கும்தான்.

ஒரு லிட்டர் சலைனில் சோடியம் 154 மில்லிமோல், குளோரைடும் 154. நம் ரத்தத்தில் குளோரைடு 100 சொச்சம்தான். லிட்டர் கணக்கில் ஏற்றும்போது இந்தக் கூடுதல் குளோரைடு ரத்தத்தை அமிலப் பக்கம் தள்ளுகிறது. உப்புக் கணக்கையும் பாருங்கள்: ஒரு 500 மில்லி பாட்டிலில் 4.5 கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதய நோயாளிக்கு உப்பில்லாக் கஞ்சி கொடுத்துவிட்டு, மறுகையில் சலைனை ஓடவிடும்போது இந்த எண் நம் நினைவில் இருக்க வேண்டும்.

ஆர்.எல்.லில் சோடியம் 130, குளோரைடு 109, பொட்டாசியம் 4, கொஞ்சம் கால்சியம், லாக்டேட் 28. பிரிட்டிஷ் மருத்துவர் சிட்னி ரிங்கர் உருவாக்கிய கரைசலில் 1930களில் லாக்டேட்டைச் சேர்த்தவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்ஸிஸ் ஹார்ட்மேன். அந்த லாக்டேட்டைக் கல்லீரல், அமிலத்தைச் சமன் செய்யும் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. வயிற்றுப்போக்கில் தண்ணீரோடும் சோடியத்தோடும் பைகார்பனேட்டும் பொட்டாசியமும் போகின்றன. கடுமையான நீரிழப்புக்கு உலக சுகாதார நிறுவனம் ஆர்.எல்.லை முதலில் வைப்பதும், அது கிடைக்காவிட்டால் சலைன் என்பதும் இதனால்தான். அளவு கிலோவுக்கு 100 மில்லி. ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் 30 மில்லி அரை மணி நேரத்தில், மீதி 70 இரண்டரை மணி நேரத்தில்.

"கிட்னி பேஷன்ட்டுக்கு ஆர்.எல். ஆகாது, பொட்டாசியம் ஏறிவிடும்" என்று பல வார்டுகளில் சொல்கிறார்கள். பொட்டாசியம் 4 உள்ள கரைசல் ரத்தத்தின் அளவை ஆபத்தான 6க்கு ஏற்ற முடியாது. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையில் இரண்டையும் ஒப்பிட்டபோது, பொட்டாசியம் அதிகம் ஏறியது சலைன் பெற்றவர்களுக்கே. அமிலத்தன்மை கூடினால் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வருகிறது.

2018இல் வெளியான அமெரிக்க ஐ.சி.யூ. ஆய்வு ஒன்றில் 15,802 பேர் இருந்தார்கள். மரணம், டயாலிசிஸ், நீடித்த சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் சலைன் பிரிவில் 15.4 சதவீதம், ஆர்.எல். போன்ற சமநிலைக் கரைசல் பிரிவில் 14.3. ஆனால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில் மரண விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. என் கணிப்பு இது: ஒன்றிரண்டு பாட்டிலோடு நின்றால் எதுவும் சரிதான், லிட்டர் கணக்கில் போகும் என்றால் ஆர்.எல்.

சலைன் வெல்லும் இடங்களும் உண்டு. தலைக்காயத்தில் சலைன்தான், ஆர்.எல். சற்றே அடர்த்தி குறைந்தது, மூளை வீக்கத்துக்கு அது நல்லதல்ல. விடாத வாந்தியில் வயிற்று அமிலத்தோடு குளோரைடும் போய்விடுவதால் அங்கேயும் சலைன். ரத்தம் ஏற்றும் லைனில் ஆர்.எல். கூடவே கூடாது, அதிலுள்ள கால்சியம் ரத்தத்தை உறையவைக்கும். செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் ஆர்.எல். ஓடும் லைனில் சேர்த்துப் போடக்கூடாது, பச்சிளங்குழந்தைகளிடம் இன்னும் கவனம் வேண்டும்.

எது ஓடினாலும் சிறுநீர் அளவைப் பாருங்கள்: கிலோவுக்கு மணிக்கு குறைந்தது அரை மில்லி, அதாவது 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. ஒரே நாளில் எடை ஒரு கிலோ கூடினால் ஒரு லிட்டர் தங்கிவிட்டது என்று கொள்ளலாம். நுரையீரல் சத்தத்தைக் கேட்டுவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்குக்காரருக்கு நினைவிருந்து, விழுங்க முடிந்து, கடுமையான நீரிழப்பும் இல்லையென்றால் இந்த மூன்றையும்விட வாயால் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். மேல். சோடியம் 75, குளுக்கோஸ் 75 என்று சமமாக இருப்பதால் குடல் இரண்டையும் சேர்த்து இழுக்கும், தண்ணீர் பின்னாலேயே போகும். ஊசியும் வேண்டாம், ரத்தக் குழாய் வீக்கமும் வராது. பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கச் சொல்லி, வீட்டில் உள்ளவர் கையால் ஒருமுறை கரைக்க வைத்துப் பார்த்துவிடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.