கரடிக்கு இரை வைக்கலாமா: மெய்னும் கொலராடோவும்

அமெரிக்காவில் கருங்கரடி வேட்டைக்கு ஒரே சட்டம் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் தலைகீழாக மாறும். இரை வைப்பதில், அதாவது தீனி போட்டுக் கரடியை வரவழைத்து வேட்டையாடுவதில், இரண்டு எதிர்முனைகள் மெய்னும் கொலராடோவும்.

மெய்னில் இரை வைக்கலாம். சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே பழைய டோனட், பேக்கரி மிச்சம் எல்லாம் காட்டுக்குள் போய்விடும். ஆனால் கண்ட இடத்தில் கொட்ட முடியாது: வண்டி போகும் பாதையிலிருந்து குறைந்தது 50 கெஜம் தள்ளி இருக்க வேண்டும், வைத்தவரின் பெயரும் முகவரியும் அங்கே தொங்க வேண்டும், முடிந்ததும் வாளி, பொட்டலம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வர வேண்டும். 2004லும் 2014லும் இதைத் தடை செய்யப் பொதுவாக்கெடுப்பு நடந்தது, இரண்டு முறையும் மக்கள் தடை வேண்டாம் என்றுவிட்டார்கள். அடர்ந்த காட்டில் கரடியைத் தேடிப் பிடிப்பது லேசில்லை என்பதுதான் வேட்டைக்காரர்களின் வாதம், அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

கொலராடோ 1992லேயே வாக்கெடுப்பில் இரை, வேட்டை நாய், வசந்தகால வேட்டை மூன்றையும் ஒரேயடியாக நிறுத்தியது. சரி, தீனி வேண்டாம், வாசனை மட்டும் காட்டலாமே என்றால், உணவு மணக்கும் வாசனைக் குச்சிகூட அங்கே கரடிக்குக் கூடாது. எனக்கு இது தெளிவாகப் படுகிறது, ஏனென்றால் கரடி மோப்பத்தை நம்பித்தான் வருகிறது, தீனியைத் தடுத்து மணத்தை விட்டால் தடைக்கு என்ன அர்த்தம்?

அப்புறம், மெய்னுக்குப் பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில் இரை வைக்கலாம், ஆனால் சாக்லேட் கூடாது. அது கரடிக்கு விஷம்.